கற்பூரத்தின் மேல் கொட்டிய கடல்

ஜெலுத்தோங்,
பினாங்கு.
தீபாவளி கழிந்த ஐந்தாவது ஞாயிறு.

அன்புச் செல்லம் காமினிக்கு,

ஜெலுத்தோங் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடிக்கும், அதன் கூடத்தில் அடங்கிக் கிடக்கும் கடலுக்கும் ஏக சக்கரவர்த்தியாகிய உன் மாமன் லோகேஸ்வரன் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன், சர்க்கரை வியாதியும் என்னோடு உயிரோடு இருக்கிறது. முழங்கால் சுகமில்லை, லிஃப்டும் சுகமில்லை, இரண்டும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் படுக்கின்றன. நீ சுகமா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று, போன வாரம் போனில் நீ என்னைத் திட்டிய திட்டில் மெல்பர்னுக்கும் பினாங்குக்கும் நடுவே இருக்கிற தீவுகளில் ஒரு தென்னை மரமாவது நிமிர்ந்து நிற்குமா என்பது சந்தேகம், அவ்வளவு தெம்பு. அந்தத் தெம்பு உனக்குக் குறையாமல் இருக்கட்டும். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில்தான் சொல்ல வந்தேன், நீ பாதியில் வைத்துவிட்டாய். பிறகு அனுப்பிய குரல் பதிவுக்கு இரண்டு நீலக் கோடு விழுந்ததோடு சரி. கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது, மடிக்கத்தான் முடியும், மடித்தாலும் மேசை மேல் கிடந்து முழித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் இந்தக் காலத்தில் தபால் நிலையத்துக்கு நடந்து போய், மெல்பர்னுக்கு எவ்வளவு ஸ்டாம்பு என்று கேட்டு, அங்கிருந்த பெண் என்னை அருங்காட்சியகத்திலிருந்து தப்பி வந்தவனைப் போலப் பார்க்க, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இங்கே மழை விடாமல் பெய்கிறது. பக்கத்து வீட்டு நூர்ஜான் உன்னை விசாரித்தாள், அவளுடைய நாசி லெமாக் தேங்காய்ச்சோற்று வியாபாரம் மழையால் படுத்துவிட்டது, மிச்சமாவதை எனக்குத் தாப்பாவ் பொட்டலம் கட்டிக் கொடுத்து என் சர்க்கரையை அவள் பங்குக்கு வளர்க்கிறாள். சரி, ஊர்க்கதை போதும், உன் குற்றப்பத்திரிகைக்கு வருகிறேன். அம்மா படத்துக்கு முன்னால் ஏற்றிய கற்பூரத்தை அணைத்தேன், அம்மா படத்தின் மேலேயே தண்ணீர் ஊற்றினேன், உன் கல்யாணத்தின் முதல் பத்திரிகையை நனைத்தேன், முறையோடு வீடு தேடி வந்த உன் அப்பாவை வெளியே போகச் சொன்னேன், இத்தனையும் ஒரு மீனுக்காக. அது மீனு மாமா, வேற வாங்கிக்கலாம்லா, அப்பாவ வேற வாங்க முடியுமா என்று கேட்டாய். எல்லாக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன், ஒரே ஒரு திருத்தம்தான். அது தண்ணீர் இல்லை, கடல். உப்பு சரிபார்த்துக் கலக்கி, காற்று விட்டு, மீனுக்கு இரையாக முட்டை போட்டுப் பொரிக்கவைத்த பத்து லட்சம் இறால் குஞ்சுகள் அதில் நீந்திக்கொண்டிருந்தன, ஒரு பத்திருபது கூடக் குறைய இருக்கலாம். உன் அப்பா சிவநேசனின் பட்டு ஜிப்பாவை நுண்ணோக்கி வைத்துப் பார்த்தால் இன்னும் சிலது அங்கே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும்.

அப்பாவை வேறு வாங்க முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன், அது கொஞ்சம் நீளம். உன் அம்மா தனலெட்சுமியின் கருமாதி முடிந்த அன்று உனக்கு மூன்று வயது. உன் அப்பா உன்னை என் கையில் கொடுத்து, மச்சான், ஒரு வீடு பாத்து செட்டிலாயிட்டு வந்து பிள்ளையத் தூக்கிக்கிறேன் என்றான். செட்டிலானான், அதைக் குறை சொல்ல முடியாது. மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை, பட்டர்வொர்த்தில் வீடு, அடுத்த வருஷமே ரமணியோடு கல்யாணம். தூக்கிக்கொள்ள மட்டும் வரவில்லை. நீயோ பொழுது சாய்ந்தால் கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு அப்பா எப்ப வருவாரு என்று கேட்பாய். அப்பா கடலுக்கு அந்தக் கரையில் சௌக்கியமாகச் சோறு தின்றுகொண்டிருக்கிறான் என்று மூன்று வயதுக் குழந்தையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வாய் வருவது ஒன்றே ஒன்றுக்குத்தான், அளப்பதற்கு. ஆகவே அளந்தேன். உன் அப்பா கப்பல் தலைவன் என்றேன். திமிங்கலத்துக்குப் பல்வலி வந்தபோது இடுக்கியோடு அதன் வாய்க்குள் இறங்கிப் பல்லைப் பிடுங்கியது உன் அப்பாதான் என்றேன். மலாக்கா நீரிணையின் அடியில் ஓட்டை விழுந்து கடல் முழுக்க வடிந்துபோக இருந்தபோது, தன் கைலியை உருவி அடைத்துவிட்டு, மானத்தைக் காக்கக் கடல்பாசியைக் கட்டிக்கொண்டு நின்றது உன் அப்பாதான் என்றேன். வரும்போது உனக்கு ஒரு மீன் கொண்டு வருவார், அந்த மீன் தன் பிள்ளைகளை வாய்க்குள்ளேயே வைத்து வளர்க்கும், கடலில் யாரையும் நம்பி விட முடியாது அல்லவா என்றேன். நீ சிரித்துக்கொண்டே தூங்கிப்போவாய். அப்படியொரு மீன் உண்டா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும், நான் பட்டறையில் இரும்பு கடைகிறவன்.

இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு நீயே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாய். அழுவாய் என்று பயந்தேன், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய், மாமா, கைலிய உருவி அடச்சாரா, ஒங்களுக்கு வெக்கமே இல்லியா என்று கேட்டாய். அதோடு கப்பல் மூழ்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு பாயான் லெப்பாஸ் வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய அன்று ஆயர் ஈத்தாமிலிருந்து போன் செய்தாய். மாமா, ஒங்க பொய்யில ஒண்ணு உயிரோட இருக்கு, ஒடனே வாங்க என்றாய். ஸுல்கிஃப்லியின் மீன் கடையில் கண்ணாடிக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாய். வெள்ளி உடம்பு, குறுக்கே மூன்று கறுப்புப் பட்டை, அகலமாக விரித்த துடுப்பு, தீப்பெட்டி அளவுகூட இல்லாத கடல் மீன். பங்காய் என்று பேர். பெண் முட்டையைக் கொடுத்துவிட்டு விலகிவிடும், ஆண் அதை வாய்க்குள் வாங்கி மூன்று நான்கு வாரம் வைத்திருக்கும், அதுவரை ஒரு வாய் தின்னாது என்று ஸுல்கிஃப்லி மலாயில் சொல்லச் சொல்ல நானும் உன் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் அளந்ததில் அந்த மீன் மட்டும்தான் நிஜமாயிற்று. கப்பல் தலைவன் ஆகவில்லை. நீ ஒரு ஜோடி வாங்கினாய், தொட்டி வாங்கினாய், கூடத்தில் மழைக்கு ஒழுகாத ஒரே சுவரில், அம்மா படத்துக்குக் கீழே வைத்தாய். அப்புறம் மெல்பர்ன் வேலை வந்தது. மூணு மாசம் மட்டும் பாத்துக்குங்க மாமா, அப்புறம் யாருகிட்டயாவது குடுத்துடலாம் என்றாய். எங்கள் குடும்பத்தில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் கொஞ்ச நாள் என்றுதான் சொல்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதே, கசப்பு பேனாவில் இருக்கிறது, தானாக இறங்குகிறது.

அந்த மீனை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைச் சொன்னால் சீன தேசத்துப் பெருஞ்சுவர் கட்டியவர்கள்கூட எழுந்து நின்று கை தட்டுவார்கள். குஞ்சுகள் கடலில் நீள முள் வைத்த முள்ளெலிப் பிராணிகளுக்கு நடுவேதான் ஒளிந்து வளருமாம், நான் அதற்கு எங்கே போவேன், வயர் கட்டுகிற கறுப்பு நைலான் பட்டைகளை ஒரு உருண்டையில் சொருகி ஊரை ஏமாற்றும் முள்ளுருண்டை ஒன்று செய்து தொட்டிக்குள் வைத்தேன். காலித் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி அதில் இறால் முட்டை பொரிக்கவைத்தேன், வீடு முழுக்க இறால் விழுது அரைக்கும் பெலாச்சான் தொழிற்சாலை வாசம். தண்ணீர் வற்றினால் உப்பு வற்றாது, நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று தெரியாமல் முதலில் உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றி, சாக்கடல் ஒன்றை ஜெலுத்தோங்கில் உண்டாக்கப் பார்த்தேன். எல்லாம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ள முடியாதது ஒன்றுதான், அந்த ஆண் மீனின் பயம். வாய் நிறைய முட்டை வைத்திருக்கும்போது சின்னதாக ஒரு அதிர்ச்சி போதும், விளக்கைச் சட்டென்று போட்டால் போதும், கதவு அறைந்தால் போதும், பெற்ற முட்டையைத் தானே விழுங்கிவிடும். நூர்ஜான் இஞ்சி இடித்த சத்தத்தில் ஒரு முறை விழுங்கியது. தீபாவளிப் பட்டாசில் ஒரு முறை. ஒரு தடவை குஞ்சுகளை வெளியே விட்டும்விட்டது, நான் சந்தோஷத்தில் விளக்கைப் பளிச்சென்று போட்டேன், குஞ்சுகள் துடித்துத் துடித்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் திருடனைப் போலத்தான் நடமாடினேன். கதவைக் கையால் பிடித்துச் சாத்துவேன், டிவியைச் சத்தமில்லாமல் வைத்து வாயசைவிலேயே செய்தி கேட்பேன், தும்மல் வந்தால் படியில் இறங்கி நான்காவது மாடிக்குப் போய்த் தும்மிவிட்டு வருவேன்.

இந்தப் பாட்டுக்கு ஒரு காரணம் இருந்தது, உனக்குச் சொல்லவில்லை, அன்றைக்கு மண்டபத்தில் நீயே பார்த்துக்கொள்ளட்டும் என்று வைத்திருந்தேன். உன் கல்யாணம் தை மாதம் என்று நிச்சயமானதும் மாமன் சீருக்கு என்ன வைப்பது என்று யோசித்தேன். சேலை, பழம், மோதிரம் எல்லா மாமனும் வைப்பான். நான் அந்தத் தட்டுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில், இந்த வீட்டிலேயே வாயில் வளர்ந்து வெளியே வந்த குஞ்சுகளை விட்டுத் தூக்கிக்கொண்டு வருவதாக இருந்தேன். கப்பல்காரன் கொண்டு வருவதாகச் சொன்ன மீன் ஒருவழியாக வந்து சேர்ந்தது என்று உன் காதில் மட்டும் சொல்வதாக இருந்தேன். உன் ஆஸ்திரேலிய சுங்கக்காரன் விமான நிலையத்தில் ஊறுகாய் பாட்டிலையே பிடுங்கிக்கொள்கிறவன், மீனையா விடப்போகிறான், அதெல்லாம் தெரியும், நீ ஒரு முறை பார்த்தால் போதும், பிறகு நானே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். தீபாவளிக்கு அடுத்த வாரம் ஆண் மறுபடி முட்டை வாங்கியது. இந்தத் தடவை வைத்துக்கொண்டது. நாளாக நாளாக, முட்டைகளைப் புரட்டுவதற்கு அது வாயைத் திறக்கும்போது உள்ளே வெள்ளிப் பொட்டுப் பொட்டாகக் குஞ்சுகளின் கண்கள் தெரிந்தன. தாடை வீங்கி, விலா ஒட்டி, இரை மிதந்து மூக்கில் இடித்தாலும் அது வாய் திறக்கவில்லை. நான் அதற்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டி தின்பதையே நிறுத்திவிட்டேன், மரியாதைக்கு.

இந்த நேரத்தில்தான் பத்திரிகை விஷயம் வந்தது. மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுப்பது சிவநேசனும் ரமணியும் என்று நீ போனில் சொன்னாய். மாமா, ஐயரு தம்பதியாத்தான் ஒக்காரணும்னு சொல்றாரு, தப்பா எடுத்துக்காதீங்க, ஒங்களுக்குத்தான் தாய்மாமன் மொற இருக்கே என்றாய். நான் தப்பாகவே எடுக்கவில்லை, நேராக ஐயரிடமே போய்க் கேட்டேன். மனைவியை இழந்தவருக்காவது ஏதாவது வழி பார்க்கலாம், கல்யாணமே செய்யாதவருக்கு ஒன்றும் செய்வதற்கில்லை சார் என்றார். சரி, தைக்குள் கல்யாணம் செய்துகொண்டுவிடுவோம் என்று முடிவெடுத்து நூர்ஜானிடம் எனக்கொரு பெண் பார்க்கச் சொன்னேன். அண்ணே, ஒங்களுக்குப் பாக்குறதவிட ஒங்க மீனுக்கு ரெண்டாந்தாரம் பாக்குறது லேசு என்றாள். நான் ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று ஐயர் கேட்கவில்லை, நீயும் கேட்டதில்லை. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், பிள்ளையை எங்கேயாவது ஆசிரமத்தில் சேர்த்துவிட்டு வந்தால் யோசிக்கலாம் என்றார்கள். அந்தப் பிள்ளை அப்போது என் தோளில் எச்சில் வடிய விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது, இப்போது மெல்பர்னில் இன்ஜினியராக இருக்கிறது, என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்கிறது.

உன் அப்பா வெள்ளிக்கிழமை வந்தான். பட்டு ஜிப்பா, நெற்றியில் பட்டை, பின்னால் தாம்பாளத்தோடு ரமணி. முதல் பத்திரிகையை இறந்துபோன தாய்க்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டுவது நம் முறைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. மீன் பிள்ளை வைத்திருக்கிறது, மெதுவாக வை, மணி வேண்டாம், விளக்கை மாற்றாதே என்று காதோடு காதாகச் சொன்னேன். அவன் தொட்டியைக் குனிந்து பார்த்து, என்னா மச்சான், வாய் வீங்கிப்போயிக் கெடக்கு, சாவப்போவுது போல என்றான். பிறகு, மணி அடிக்காம பூசையா, செத்தவளுக்கு மொறையா செய்ய வேணாமா என்றான். முறை என்ற சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டதும் அப்படியே சமையல்கட்டில் இறால் குஞ்சை வடிகட்டப் போய்விட்டேன், அதுதான் நான் செய்த பிசகு. பையிலிருந்து சொந்தமாகப் பித்தளை மணியே கொண்டு வந்திருக்கிறான். தொட்டி மூடியின் மேலேயே தாம்பாளத்தை வைத்துக் கற்பூரத்தைக் கொளுத்தி, கோயில் தேர் வாசலுக்கு வந்ததைப் போல மணியை ஆட்டுகிறான், உனக்கு அனுப்புவதற்கு ரமணி போனில் விளக்கைப் போட்டுப் படம் எடுக்கிறாள். நான் குவளையோடு ஓடி வந்தேன். மீன் ஒரு கண்ணாடியில் மோதி, மறு கண்ணாடியில் மோதி, மூலைக்குப் போய் நின்றது. தாடை ஒரு முறை அசைந்தது. இரண்டாம் முறை அசைந்தது. நிறுத்துடா என்று கத்தினேன், மணிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக என் தங்கச்சியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க நேரம் கிடைக்காதவன், கடைசியில் அவள் படத்துக்கு முன்னால் வந்து நின்று பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அந்த மூடிய கண்ணைப் பார்த்துத்தான் குவளையைக் கொட்டினேன். கற்பூரத்துக்குக் குறி வைத்தேன், எல்லாருக்கும் பங்கு போயிற்று.

ரமணிதான் முதலில் அசைந்தாள். அண்ணே, துணி குடுங்கண்ணே, அக்கா மொகத்துல தண்ணி என்று சொல்லி, நான் துணி எடுக்கும் முன்பே தன் முந்தானையால் தனலெட்சுமியின் படத்தைத் துடைத்தாள், ஓரம் ஓரமாக, கண்ணாடியின் மூலைவரை. அவளை மட்டும் எனக்கு வெறுக்க வரவில்லை, அது எனக்குப் பெரிய நஷ்டம். வெளியே போ என்றேன், உன் அப்பா ஜிப்பாவை உதறிக்கொண்டு, ஒரு மீனுக்காகவா மச்சான், ஒரு மீனுக்காகவா என்று படி இறங்கும்வரை சொல்லிக்கொண்டே போனான். நூர்ஜான் கதவோரம் நின்று, அண்ணே, பத்திரிக வெக்க வந்தவுங்கள இப்புடியா குளிப்பாட்டி அனுப்புவாங்க என்றாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள், அதற்குமேல் சிரிக்கவில்லை. மீனின் தாடை தட்டையாக இருந்தது. அடுத்த நாளே அது இரை தின்றது. இப்போதும் நன்றாகத் தின்கிறது, நான் கை வைத்தாலே வாயைத் திறந்துகொண்டு வருகிறது. அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

நனைந்த பத்திரிகையை மின்விசிறிக்கு அடியில் காயவைத்தேன், மஞ்சள் முனை கலைந்திருக்கிறது, எழுத்து கலையவில்லை. மேலே தடித்த எழுத்தில் சிவநேசன் ரமணி தம்பதியர். கீழே, மண்டபத்துக்கு வழி சொல்லும் படத்துக்குச் சற்று மேலே, தாய்மாமன் என்று என் பேர், எறும்புகூடக் குனிந்து படிக்க வேண்டிய எழுத்தில். அதைக்கூட விட்டுவிடுகிறேன். ஆனால் போனில் நீ இன்னொன்று சொன்னாய், அதை விட முடியவில்லை. அப்பா பாவம் மாமா, என்னயத் தேடிக்கிட்டுத்தான் இருந்தாரு, நீங்க வீடு மாத்திட்டீங்க, எங்க வெச்சிருக்கீங்கன்னே அவருக்குத் தெரியல என்றாய். காமினி, நீ வளர்ந்தது இதே வீடு, இதே கதவு, அன்றும் இதே லிஃப்ட்தான் கெட்டிருந்தது. நான் மாற்றியது பல்ப் ஒன்றைத்தான். இதை உன் கல்யாணம் முடிந்த பிறகும் சொல்ல வேண்டாம் என்று வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். மணி அடித்துவிட்டான். மீன் விழுங்கிற்று, நான் துப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னை ஃபெரியில் ஏற்றி பட்டர்வொர்த்துக்கும் பினாங்குக்குமாகச் சும்மா போய் வருவேன், நினைவிருக்கும். நீ என் தோளில் உட்கார்ந்து தெரிகிற கப்பலுக்கெல்லாம் அப்பா அப்பா என்று கை ஆட்டுவாய். உனக்கு ஐந்து வயது இருக்கும், மஞ்சள் கவுன். ஒரு நாள் நீ அப்படிக் கூப்பிட்டபோது, கம்பிக்குப் பக்கத்தில் கச்சான் கடலை தின்றுகொண்டு நின்ற ஒரு ஆள் திரும்பினான். சிவநேசன். ரமணி அந்தக் கடைசியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள், அவள் பார்க்கவில்லை. அவன் உன்னைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி உன்னைப் பார்த்தான், நீ கை ஆட்டிக்கொண்டே இருந்தாய். கையிலிருந்த தோலைக் கடலில் போட்டுவிட்டு ஃபெரியின் அடுத்த பக்கத்துக்கு நடந்து போய்விட்டான். அவன் முதுகை நீ பார்த்துவிடப்போகிறாயே என்று நான் உன்னை மறுபக்கம் திருப்பி, அதோ பாரு திமிங்கலம் என்றேன். எங்க மாமா என்றாய். அதோ, அதோ என்று கரை சேரும்வரை வெறும் தண்ணீரைக் காட்டிக்கொண்டே வந்தேன். இறங்கும்போது நீ என் காதைப் பிடித்துக்கொண்டு, திமிங்கலம் என்னயப் பாத்துச்சு மாமா என்றாய். ஆமாம், பார்த்தது.

இதைச் சொன்னது மணையை மாற்றச் சொல்வதற்காக இல்லை. தம்பதி வேண்டும், அவர்கள் தம்பதி, உட்காரட்டும், ரமணி கையிலாவது ஒரு மனசு இருக்கிறது. நீ தேடிப் பிடித்து மணையில் வைக்கிற அந்த அப்பா, கைலியால் கடலை அடைத்தவன், திமிங்கலத்துக்குப் பல் பிடுங்கியவன், அவனை இந்தக் கூடத்தில் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாகச் செய்தது நான். தையில் வந்து உட்காரப்போகிற சிவநேசன் அவனுக்குக் கூலிக்கு வந்த ஆள். அப்பாவை வேறு வாங்க முடியுமா என்று கேட்டாயே, வாங்க வேண்டியதில்லை, சும்மாவே ஒன்று கிடந்தது, கல்யாண அட்டையில் கீழே போட்டிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். கல்யாணத்தன்று நீ அவர்கள் வீட்டிலிருந்து புறப்படுவதாகச் சிவநேசன் சொன்னான். தரை வீடு, பந்தல் போட இடம் இருக்கு, ஒங்க ஃப்ளாட்டுல லிஃப்டே வேல செய்யாது, கூறச்சேலையோட பிள்ள எப்படி எறங்கும் மச்சான் என்றான். பெண்ணைத் தாய்மாமன் தூக்கிக்கொண்டு வருவதும் முறைதான், அதையும் ஐயரிடம் கேட்டுவிட்டேன், அதற்குத் தம்பதி தேவையில்லையாம், ஒற்றை ஆள் போதுமாம். நீ இந்த வீட்டிலிருந்துதான் இறங்க வேண்டும். ஒன்பது மாடியும் நான் தூக்கிக்கொண்டு இறங்குவேன். முழங்கால் ஐந்தாவது மாடியில் கழன்றுகொண்டால் அதை அங்கேயே விட்டுவிட்டு மிச்சத்தோடு இறங்குவேன். மஞ்சள் கவுனில் தூக்கியவனுக்குக் கூறைச்சேலை ஒரு பாரமா. இல்லை மாமா, பட்டர்வொர்த்திலிருந்துதான் என்றால் அதையும் சொல்லிவிடு, சண்டை போட மாட்டேன். மாமன் மாலையையும் சீரையும் நூர்ஜானிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, நான் ஃபெரியில் ஏறி, கல்யாணம் முடியும்வரை அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று திமிங்கலம் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பழக்கம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள், அங்கே வெயில் தொடங்கியிருக்கும், தலையில் எதையாவது போட்டுக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, எனக்கு வாய்த்த மச்சான்தான் சரியில்லை. நீயும் அவரும் நிறைந்து வாழ வேண்டும், உன் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் யாருக்காகவும் காத்துக்கொண்டு உட்கார வேண்டாம், அதுதான் என் ஆசீர்வாதம். ஒரு நினைவூட்டல், இந்த வீட்டுச் சாவி உன்னிடம்தான் இருக்கிறது, வரும்போது பையில் எடுத்து வைத்துக்கொள். கதவை மெதுவாகத் திறக்க வேண்டியதில்லை. எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம், இப்போது இங்கே யார் வாயிலும் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
அட்டையில் கீழே, சின்ன எழுத்தில் இருக்கும்
உன் மாமா லோகேஸ்வரன்